மார்ச் 1 என்று ஒரு சர்வர்

சர்வர் அறை: வாசகர் கேள்விகளுக்கு வடசேரியிலிருந்து பதில்

சென்ற இதழின் கடைசி வரியில், 'சர்வருக்குப் பெயர் வைத்து மாட்டிக்கொண்டவர்கள் எழுதலாம்' என்று சும்மா ஒரு வார்த்தை போட்டேன். இத்தனை பேர் மாட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. வந்ததில் பாதிக்கு மேல் நம் குமரி மாவட்டத்துக் கடிதங்கள். கம்பெனிப் பெயர், ஆள் பெயர் எதையும் போடவில்லை; ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். ஊர் இல்லாமல் இந்தத் தடவை பதில் சொல்லவே முடியாது. ஏன் என்று படிக்கப் படிக்க மனசிலாகும். சர்வர் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தாலும், மெஷினில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன என்று கொள்ளவும்.

எங்கள் ஜவுளிக் கடைக்கு நாகர்கோவில், தக்கலை, கருங்கல், மார்த்தாண்டம் என்று நான்கு கிளைகள். ஊர்ப் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்து, ஒரு ஹைபன், இரண்டு இலக்க எண்: இதுதான் எங்கள் சர்வர்களுக்குப் பெயர். நாலு வருஷமாகத் தொந்தரவு இல்லை. போன மாதம், எல்லா சர்வர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அன்சிபிள் மென்பொருளைப் போட்டோம். மூன்று கிளைகளும் பதில் சொல்கின்றன. மார்த்தாண்டத்து சர்வர்களை மட்டும் அப்படி ஒரு ஹோஸ்டே, அதாவது மெஷினே, இல்லை என்கிறது. மெஷினைக் கூப்பிட்டுப் பார்க்கும் பிங் கட்டளையைக் கையால் அடித்தால் போகிறது. மார்த்தாண்டத்துக்கு மட்டும் என்ன கேடு, அண்ணாச்சி?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

கடிதத்தைப் படித்ததும் போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "தம்பி, சர்வர் பட்டியலை எக்செல்லிலா வைத்திருக்கிறீர்கள்?" ஆமாம் என்றார். அங்கேயே கேஸ் முடிந்தது.

எம், ஏ, ஆர், ஹைபன், பூஜ்ஜியம், ஒன்று. உங்களுக்கு அது மார்த்தாண்டத்தின் முதல் சர்வர். எக்செல்லுக்கு அது மார்ச் மாதம் முதல் தேதி. சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியலை, இரட்டைக் கிளிக்கில் திறந்த மாத்திரத்தில் தேதியாக்கிவிடும். நீங்கள் சேமித்தால் '01-மார்' என்று திருப்பி எழுதி வைத்துவிடும். உங்கள் ஸ்கிரிப்ட் அதை அப்படியே அன்சிபிளுக்குக் கொடுக்கிறது. அன்சிபிள் பாவம், '01-மார்' எங்கே என்று தேடிக்கொண்டு நிற்கிறது. தக்கலைக்கு நீங்கள் டி-எச்-யு போட்டிருக்கிறீர்கள், அது வியாழக்கிழமை. நல்லவேளை, எக்செல் கிழமைக்கு மயங்குவதில்லை, மாதத்துக்குத்தான் மயங்கும்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழுவே எக்செல்லோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், 2020-இல் 'மார்ச்1', 'செப்ட்1' மாதிரியான மரபணுப் பெயர்களை மாற்றிவிட்டது. அவர்கள் கதையே அப்படியென்றால் ஜவுளிக் கடை எம்மாத்திரம்.

இப்போதைக்கு வைத்தியம்: சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். எக்செல்லுக்குள் போய், டேட்டா மெனு வழியாக இம்போர்ட் செய்து, பெயர் வரும் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று சொல்லிக் கொண்டுவாருங்கள். அதைவிட நல்லது, மூலப் பட்டியலை அன்சிபிளின் இன்வென்டரிக் கோப்பிலேயே வைத்துக்கொண்டு, எக்செல்லை முதலாளிக்குக் காட்ட மட்டும் பயன்படுத்துவது. இருக்கிற சர்வர்களின் பெயரை இதற்காக மாற்ற வேண்டாம். மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கீழே ஒரு கதை வைத்திருக்கிறேன், என் சொந்தக் கதை.

இனி வாங்கும் சர்வர்களுக்கு ஊர்க் குறியீடு வேண்டுமென்றால், நீங்களே மூன்று எழுத்தை வெட்டாமல் ரயில்வே வெட்டி வைத்ததை எடுத்துக்கொள்ளலாம். நாகர்கோவில் ஜங்ஷன் என்-சி-ஜே. உங்கள் ஊருக்கு ரயில் நிற்பது குழித்துறையில், அது கே-இசட்-டி. தக்கலைக்கு இரணியல்தான் ஸ்டேஷன், ஈ-ஆர்-எல். கருங்கலுக்கு ரயில் கிடையாது, அதற்கு நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஏதாவது மாதத்தின் பெயரா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ரயில்வேயை ஏன் சொல்கிறேன் என்றால், நம் கன்னியாகுமரி ஸ்டேஷனின் குறியீடு என்ன தெரியுமா? சி-ஏ-பி-ஈ, கேப். வெள்ளைக்காரன் வைத்த 'கேப் கொமரின்' பலகையில் இருந்து போய்விட்டது, மாவட்டத்தின் பெயரே கன்னியாகுமரி ஆகிவிட்டது. டிக்கெட்டில் இன்றைக்கும் கேப்தான். பலகையில் இருப்பது மனுஷனுக்கு, குறியீடு மெஷினுக்கு. பலகையை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் ஊரையே பழைய ஆட்கள் தொடுவெட்டி என்றுதானே சொல்கிறார்கள்? அவர்கள் காலத்தில் சர்வர் இருந்திருந்தால் முதல் மூன்று எழுத்து வேறாக இருந்திருக்கும்.

இரண்டு லினக்ஸ் சர்வர்கள், பத்மநாபபுரம்1, பத்மநாபபுரம்2. எங்கள் ஆஸ்பத்திரியின் விண்டோஸ் டொமைனில், அதாவது எல்லா மெஷினுக்கும் லாகின் கணக்கை ஒரே இடத்தில் வைக்கும் ஏற்பாட்டில், இரண்டையும் ஜாயின் செய்தோம். இரண்டாவதைச் சேர்த்ததும் முதலாவதில் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. முதலாவதை மறுபடி சேர்த்தால் இரண்டாவது படுத்துவிடுகிறது. ஒரு வாரமாகச் சீசா பலகை விளையாடுகிறோம்.
— ஆஸ்பத்திரி ஐடி பிரிவில் வேலை பார்க்கும் வாசகி, தக்கலை

தங்கச்சி, ஒரு தாள் எடுத்து பத்மநாபபுரம் என்பதை ஆங்கிலத்தில் எழுதி எழுத்தை எண்ணுங்கள். சரியாக 15. அதில்தான் இருக்கிறது விஷயம்.

விண்டோஸ் உலகத்தில் மெஷின்களைப் பெயரால் கண்டுபிடிக்க நெட்பயாஸ் என்று ஒரு பழைய ஏற்பாடு. அதில் ஒரு பெயருக்கு 16 பைட் இடம். கடைசி பைட்டை, இது சாதாரண மெஷினா, ஃபைல் சர்வரா என்று குறித்துக்கொள்ள எடுத்துக்கொள்கிறது. பெயருக்கு மிச்சம் 15. அதற்கு மேல் இருப்பதை வெட்டிவிடும். லினக்ஸ் பெட்டிக்கோ 64 எழுத்து வரை பெயர் போகும், அதனால் அது முனகாது. டொமைனில் ஜாயின் செய்யும்போதுதான் வாலை வெட்டுகிறார்கள். உங்கள் 1, 2 இரண்டும் பதினாறாவது எழுத்து. வெட்டினால் இரண்டு சர்வரும் பத்மநாபபுரம். ஒரே பெயரில் ஒரு கணக்கு, அதற்கு ஒரே ரகசியச் சொல்; கடைசியாக யார் ஜாயின் செய்தாரோ அவருடைய ரகசியச் சொல்தான் அதில் இருக்கும். மற்றவர் வெளியே.

இரண்டையும் டொமைனிலிருந்து விலக்குங்கள். மறுபடி சேர்க்கும்போது டொமைன் பக்கத்துப் பெயரைத் தனியாகக் கொடுக்கலாம். லினக்ஸை டொமைனில் சேர்க்கும் கருவிகளான ரியல்ம்டி, ஆட்க்ளி இரண்டிலும் 'கம்ப்யூட்டர் நேம்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. 'பிபிஎம்-01', 'பிபிஎம்-02' என்று கொடுத்தால் முடிந்தது. ஆனால் லினக்ஸில் ஒரு பெயர், டொமைனில் இன்னொரு பெயர் என்றால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே ஓர்மை இருக்காது. புது சர்வர்தானே, இன்னும் நோயாளிக் கணக்கு ஏறவில்லை என்றால் ஹோஸ்ட்நேமையே, அதாவது மெஷினின் சொந்தப் பெயரையே, குட்டையாக்கிவிடுங்கள்.

பொதுவாக நான் 12 எழுத்துக்கு மேல் போவதில்லை. மூன்று எழுத்தைப் பின்னால் வரப்போகிற ஏதோ ஒரு பைத்தியக்காரத்தனத்துக்கு என்று விட்டுவைப்பது.

நாங்கள் காற்றாலைகளின் தகவல் சேகரிக்கும் கம்ப்யூட்டர்களுக்கு 'டவர்_07' என்கிற மாதிரி அண்டர்ஸ்கோர் போட்டுப் பெயர் வைத்திருக்கிறோம். பிங் போகிறது, ரிமோட் டெஸ்க்டாப் போகிறது. புதிதாக வாங்கிய ஜாவா மென்பொருள் மட்டும் 'ஹோஸ்ட் நல்' என்கிறது. மென்பொருள் விற்றவர்கள் உங்கள் நெட்வொர்க் சரியில்லை என்கிறார்கள். யார் சொல்வது சரி?
— கன்ட்ரோல் ரூம் ஊழியர், ஆரல்வாய்மொழி

இரண்டு பேரும் கால்வாசி சரி. தவறு அந்தச் சின்னக் கோட்டில்.

ஹோஸ்ட்நேமில் என்னென்ன இருக்கலாம் என்று 1985-இலேயே, ஆர்எஃப்சி என்கிற இணைய விதி ஆவணங்களில் 952-ஆம் எண் ஆவணம் சொல்லிவிட்டது: ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஹைபன். 1989-இல் ஆர்எஃப்சி 1123 ஒரே ஒரு தளர்வு கொடுத்தது, முதல் எழுத்து எண்ணாகவும் இருக்கலாம் என்று. அண்டர்ஸ்கோருக்கு இரண்டிலும் இடமில்லை. ஆனால் டிஎன்எஸ் என்கிற முகவரிப் புத்தகம் கண்டிப்பானது இல்லை. அதில் அண்டர்ஸ்கோர் போட்டும் பதியலாம். சில சேவைப் பதிவுகள் வேண்டுமென்றே அண்டர்ஸ்கோரில் ஆரம்பிப்பதும் உண்டு, ஹோஸ்ட்நேமோடு குழம்பக் கூடாது என்பதற்காக. விண்டோஸும் ஒரு எச்சரிக்கை காட்டிவிட்டு விட்டுவிடும். ஆகவே பிங் போகும். ஜாவாவில் யுஆர்ஐ என்கிற இணைய முகவரியைப் பிரித்துப் படிக்கும் பகுதி மட்டும் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அண்டர்ஸ்கோர் இருந்தால் இது ஹோஸ்டே இல்லை என்று வெறுமையைத் திருப்பிக் கொடுக்கும். அதுதான் நீங்கள் பார்த்த 'நல்'.

அது ஒன்று மட்டுமில்லை. இணையதளம் கட்டப் பயன்படும் ஜாங்கோவும் அப்படிப்பட்ட பெயரில் வரும் கோரிக்கையைத் திருப்பி அனுப்பும். நிறைய சர்வர்களில் மென்பொருள்களை ஓட்டி மேய்க்கும் குபர்நெட்டிஸ் அண்டர்ஸ்கோரையும் ஏற்காது, பெரிய எழுத்தையும் ஏற்காது. இணையதளத்தின் பாதுகாப்புக்கு என்று வெளியில் வாங்கும் எஸ்எஸ்எல் சான்றிதழிலும் 2019-க்குப் பிறகு அண்டர்ஸ்கோர் கிடையாது.

எல்லாக் கம்ப்யூட்டர் பெயரையும் மாற்ற வேண்டாம், ஆடி மாதத்தில் காற்று அடிக்கும் நேரத்தில் அந்த வேலைக்குக் கையை வைக்கவே வேண்டாம். டிஎன்எஸ்ஸில் 'டவர்-07' என்று ஹைபன் போட்ட மாற்றுப் பெயர், அதாவது சிநேம், ஒவ்வொன்றுக்கும் சேர்த்துவிட்டு ஜாவா மென்பொருளுக்கு அதைக் கொடுங்கள். ஓடும்.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஹைபன் நல்லது என்று கேட்டு அன்சிபிளில் குழுப் பெயருக்கும் ஹைபன் போட்டீர்களென்றால் அது எச்சரிக்கை கொடுக்கும். குழுப் பெயர் பைத்தான் மாறியின் பெயர் மாதிரி இருக்க வேண்டுமாம், அங்கே அண்டர்ஸ்கோர்தான் செல்லும். மெஷினுக்கு ஹைபன், மெஷின்கள் சேர்ந்த குழுவுக்கு அண்டர்ஸ்கோர். மாமியார் வீட்டில் ஒரு முறை, அம்மா வீட்டில் ஒரு முறை என்று பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

சர்வருக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க முடியுமா சார்? எங்கள் கல்லூரி லேபில் 'நெத்திலி', 'சாளை', 'அயிலை' என்று வைக்க ஆசை.
— பொறியியல் மாணவி, தோவாளை

பெயர்கள் அருமை. ஆசையைக் கைவிட வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றுங்கள்.

இணையதள முகவரியான டொமைன் பெயரில் தமிழ் வந்தாகிவிட்டது, '.இந்தியா' என்று தமிழிலேயே உயர்மட்ட டொமைன் இருக்கிறது. ஆனால் கம்பியில் போகும்போது அது தமிழாகப் போவதில்லை. பியூனிகோட் என்று ஒரு முறை, எக்ஸ், என், இரண்டு ஹைபன் என்று தொடங்கும் ஆங்கில எழுத்து மாலையாக மாற்றி அனுப்புகிறது. பிரவுசர் அதைத் திரும்பத் தமிழாக்கிக் காட்டும். மெஷின் தன் நடப்பைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பு காட்டாது. ராத்திரி லாக் பார்க்கிறவருக்கு நெத்திலி எது, சாளை எது என்று தெரியாது.

ஹோஸ்ட்நேமில் நேரடியாகத் தமிழ் போட்டால் இன்னும் சங்கடம். நெத்திலி நமக்கு நாலு எழுத்து. யூனிகோடில் கொம்பு, புள்ளி, சுழி எல்லாம் தனித்தனி என்பதால் எட்டு. அதை மெஷின் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 24. நாலெழுத்து மீனுக்கு 24 பைட் என்றால் நெய்மீனுக்கும் வாளைக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அது போகட்டும், மேலே சொன்ன எந்தக் கருவியும் அதை ஹோஸ்ட்நேமாக ஏற்கப் போவதில்லை.

வைக்க வேண்டிய இடம் இது: சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' கட்டளைக்கு 'ப்ரெட்டி' என்று ஒரு ஆப்ஷன் உண்டு. அது அலங்காரப் பெயர். இடைவெளி, தமிழ் எல்லாம் தாங்கும். ஜாபிக்ஸ் என்கிற கண்காணிப்பு மென்பொருளில் சர்வர்களைக் கண்காணிக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் 'விசிபிள் நேம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அங்கேயும் தமிழ் போடலாம். திரையில் 'நெத்திலி' என்று பச்சையாக மின்னும், உள்ளே 'லேப்-01' வேலை பார்க்கும்.

ஜாபிக்ஸில் ஒரு சந்தேகம். எங்கள் விண்டோஸ் சர்வரின் சிபியு, மெமரி எல்லாம் வருகிறது. லாக் மட்டும் வரவில்லை. சர்வருக்குள் உட்கார்ந்து தகவல் கொடுக்கும் ஏஜென்ட் ஓடுகிறது, போர்ட் திறந்திருக்கிறது.
— ஐஸ் பிளான்ட் கணக்காளர், குளச்சல்

ஏஜென்ட்டின் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள், 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்' என்று இருக்கும். பந்தயம் ஒரு தட்டு ரசவடை.

சிபியு மாதிரியான கேள்விகளை ஜாபிக்ஸ் சர்வர் வந்து கேட்கும். மெஷினின் எண் முகவரியான ஐபி தெரிந்தால் போதும், பெயர் வேண்டாம். லாக் படிப்பதற்கு ஏஜென்ட்தான் சர்வரிடம் போய், 'நான் இன்னார் வந்திருக்கிறேன், எனக்கு என்ன வேலை' என்று கேட்க வேண்டும். அப்போது சொல்லும் பெயரும் திரையில் பதிந்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. டிஎன்எஸ் இதைக் கண்டுகொள்ளாது, ஜாபிக்ஸ் கண்டுகொள்ளும். நீங்கள் ஏஜென்ட்டின் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கில் பெயர் எழுதாமல் விட்டிருந்தால், விண்டோஸ் ஏஜென்ட் நெட்பயாஸ் பெயரை எடுத்துக்கொள்ளும். அது முழுக்கப் பெரிய எழுத்தில், 15-க்குள் வெட்டப்பட்டது. தக்கலைத் தங்கச்சியின் அதே கத்தரிக்கோல்தான். கான்ஃபிக்கில் ஹோஸ்ட்நேம் வரியில் கையால் எழுதி ஏஜென்ட்டை மறுபடி ஓடவிடுங்கள்.

கம்பெனி பெயர் மாறிவிட்டது. சர்வர்களின் பெயரில் பழைய கம்பெனியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடலாம் என்று மேலாளர் சொல்கிறார். ஒரு கட்டளைதானே என்கிறார்.
— ரப்பர் வியாபார நிறுவனத்தில் சிஸ்டம் அட்மின், குலசேகரம்

நானும் ஒரு கட்டளைதானே என்று நினைத்தவன்தான்.

பத்து வருஷம் இருக்கும். நாகர்கோவிலில் ஒரு மொத்த வியாபாரி. அவர் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, பழைய தெருப் பெயர் சர்வரில் எதற்கு என்று எனக்கு ஒரு எண்ணம். யாரும் கேட்கவில்லை, நானாகவே. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கட்டளையை அடித்தேன், ரீபூட் செய்தேன், டீ குடிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் முதலில், நிர்வாகி உரிமையில் வேலை செய்ய சூடோ அடிக்கும்போதெல்லாம் ஹோஸ்ட் தெரியவில்லை என்று முனகல். மெஷினுக்குள்ளேயே இருக்கும் பெயர்-முகவரிப் பட்டியலான ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய பெயர் அப்படியே இருந்தது, மாற்றினேன், சரியானது. இவ்வளவுதானே என்று சிரித்துக்கொண்டேன். அடுத்து மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் நகல் சர்வர் நின்றுபோயிருந்தது. மூல சர்வரிலிருந்து வரும் மாற்றங்களை எழுதி வைக்கும் ரிலே லாக் கோப்புக்கு நாம் பெயர் சொல்லாவிட்டால் ஹோஸ்ட்நேமை வைத்து அதுவே பெயர் வைத்துக்கொள்ளும். பெயர் மாறியதும் புதுப் பெயரில் கோப்பைத் தேடுகிறது. இருப்பதோ பழைய பெயரில். திறக்க முடியவில்லை என்று படுத்துவிட்டது. அதையும் ஒருவழியாக எழுப்பினேன். மணி பதினொன்று.

அப்புறம்தான் பெரிய அடி. பில்லிங் மென்பொருள், ராபிட்எம்க்யூவில், அதாவது மென்பொருள்களுக்கு நடுவே செய்திகளை க்யூவில் நிறுத்திக் கொடுக்கும் மென்பொருளில், நுழைய அனுமதி இல்லை என்றது. உள்ளே போய்ப் பார்த்தால் காலி. யூசர் இல்லை, க்யூ இல்லை, அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அடைந்து கிடந்த ஆர்டர்கள் ஒன்றும் இல்லை. நேற்று வாங்கிய பாத்திரம் மாதிரிச் சுத்தமாக இருக்கிறது. எனக்குக் கை ஓடவில்லை. வியாபாரிக்கு என்ன பதில் சொல்வது, பேசாமல் திருவனந்தபுரம் பஸ் ஏறிவிடலாமா என்று வரைக்கும் யோசித்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு டேட்டா இருக்கும் ஃபோல்டரைத் திறந்தபோது தெரிந்தது: உள்ளே இரண்டு ஃபோல்டர்கள். ஒன்று பழைய ஹோஸ்ட் பெயரில், ஒன்று புதுப் பெயரில். ராபிட்எம்க்யூ தன் டேட்டாவை 'ராபிட், அட், ஹோஸ்ட்நேம்' என்ற பெயரில்தான் வைக்கும். பெயர் மாறியதால் தன்னைப் புதிதாகப் பிறந்ததாக நினைத்து, பக்கத்திலேயே புது வீடு கட்டிக் குடியேறியிருக்கிறது. பழைய வீடு சாமான்களோடு பூட்டிக் கிடக்கிறது. பழைய ஹோஸ்ட்நேமையே திரும்ப வைத்து ரீபூட் செய்தேன். எல்லாம் திரும்பி வந்தது. வியாபாரிக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படிக்கமாட்டார் என்று நம்பிக்கை.

ஆகவே உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள்: கட்டளை ஒன்றுதான், அந்தப் பெயரை எழுதி வைத்திருப்பவர்கள் பதினாறு பேர். மாற்றித்தான் தீர வேண்டும் என்றால், அதற்கு ஒரு வாரம் முன்பே மைஎஸ்க்யூஎல் கான்ஃபிக்கில் ரிலே லாகுக்கு இப்போதிருக்கும் பெயரையே வெளிப்படையாக எழுதி வையுங்கள். ராபிட்எம்க்யூவுக்கும் நோட் நேமை, அந்த 'ராபிட், அட், ஹோஸ்ட்நேம்' பெயரை, இப்போதிருப்பதாகவே ஆணியடித்துவிடுங்கள். இரண்டையும் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். கண்காணிப்பு, பேக்கப், லைசென்ஸ், சான்றிதழ் என்று பெயர் இருக்கும் இடமெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். கிளவுடில் இருக்கும் மெஷின் என்றால் மெஷின் எழும்பும்போது அமைப்புகளைப் போடும் கிளவுட்-இனிட்டின் கோப்பில் 'பிரிசர்வ் ஹோஸ்ட்நேம்' வரியை 'ட்ரூ' என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் மாற்றியதை அடுத்த ரீபூட்டில் அது பழையபடி ஆக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மெஷின், அதற்கு மேல் வேண்டாம்.

என்னைக் கேட்டால், பழைய பெயர் உள்ளே கிடக்கட்டும். வெளியே தெரியும் பெயரைச் சிநேமாகப் புதிதாகக் கொடுங்கள். டிக்கெட்டில் கேப் என்று இருப்பதைப் பார்த்து யாரும் ரயிலை விட்டு இறங்கிப் போகவில்லை.

எங்கள் ஆபீஸில் ஒருவர் கம்ப்யூட்டர்களுக்கு சொத்துப் பதிவேட்டு எண்ணையே பெயராக வைத்துவிட்டார். '1001'-க்குப் பிங் அடித்தால் 0.0.3.233 என்று ஏதோ வருகிறது. வைரஸா?
— ஒரு வாசகர், கொட்டாரம்

இல்லை, கணக்கு. வெறும் எண்ணைக் கொடுத்தால் பிங் அதை ஐபி முகவரி என்று எடுத்துக்கொள்ளும். மூன்றை 256-ஆல் பெருக்கி 233 கூட்டுங்கள், 1001 வரும். முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்தால் போதும்.

எங்கள் டொமைன் '.லோக்கல்' என்று முடிகிறது. விண்டோஸில் சரி, உபுண்டு டெஸ்க்டாப்பில் மட்டும் பெயர் கிடைப்பதில்லை.
— ஒரு வாசகர், நாகர்கோவில்

2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762, '.லோக்கல்' என்பதைப் பக்கத்து மெஷின்கள் தங்களுக்குள் கூவிக் கண்டுபிடித்துக்கொள்ளும் முறைக்கு ஒதுக்கிவிட்டது. உபுண்டு கூவிப் பார்க்கிறது, பதில் இல்லையென்றால் டிஎன்எஸ்ஸிடம் போகாமலே திரும்பிவிடுகிறது. பெயரை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் 'என்எஸ்ஸ்விட்ச்' கோப்பில் ஹோஸ்ட்ஸ் வரியில் டிஎன்எஸ்ஸை முன்னால் கொண்டுவந்தால் பிழைக்கும். புதிதாகக் கட்டுகிறவர்கள் சொந்த டொமைனின் கிளையைப் பயன்படுத்தலாம், அல்லது உள் உபயோகத்துக்கென்றே, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2024-இல் ஒதுக்கிய '.இன்டர்னல்' இருக்கிறது.

வாழைப்பழப் பெயர்கள் வைத்திருக்கிறோம்: மட்டி, ஏத்தன், செந்துளுவன், பேயன். புதிதாக வந்த கன்சல்டன்ட் இது குழந்தைத்தனம், எண் போடுங்கள் என்கிறார். உங்கள் தீர்ப்பு?
— ஒரு வாசகி, திங்கள்நகர்

பத்து சர்வருக்குள் என்றால் பழம்தான். 1990-இலேயே கம்ப்யூட்டருக்குப் பெயர் வைப்பது எப்படி என்று ஆர்எஃப்சி 1178 என்று ஒரு கையேடு வந்தது. அதுவும் இப்படி ஒரே இனத்துப் பெயர்களைத்தான் பரிந்துரைக்கிறது. 'மட்டி படுத்துவிட்டது' என்று போனில் சொன்னால் கேட்கிறவருக்கு உடனே புரியும். பதினேழா எழுபதா என்ற குழப்பம் வராது. ஆனால் அதே கையேடு இருவிதமாக எழுத்துக்கூட்டக்கூடிய பெயர்களை வேண்டாம் என்கிறது. ஏத்தனை ஆங்கிலத்தில் மூன்று பேரை எழுதச் சொல்லிப் பாருங்கள், மூன்று சர்வர் கிடைக்கும். செந்துளுவன் இன்னும் மோசம். பேயன் பிழைத்துக்கொள்ளும். ழகரம் வரும் பெயர் பக்கமே போகாதீர்கள்.

முப்பது, நாற்பது என்று பெருகினால் எண்தான். அப்போது 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் 10 வந்து 2-க்கு முன்னால் நிற்கும்.

முதலாளி புது சர்வருக்குத் தன் பேத்தியின் பெயரை வைக்கச் சொல்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?
— பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், வெட்டூர்ணிமடம்

சொல்ல வேண்டாம். வையுங்கள். கண்காணிப்புக் கருவியில் அலர்ட் போகும் நம்பர்களோடு முதலாளியின் நம்பரையும் சேர்த்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய், பேத்தி பெயரைப் போட்டு 'டவுன்' என்று அவருக்கு மெசேஜ் போகட்டும். காலையில் அவரே மாற்றச் சொல்வார். முதல் வாரத்துக்குள் சொல்லிவிட்டால் நல்லது, ராபிட்எம்க்யூ அதற்குள் வீடு கட்டியிருக்காது.